கரியமில வாயுவை எரிய வைத்த பேராசிரியர்: பால் சபாட்டியே

சாண எரிவாயு அடுப்பில் சமைத்த உணவை உண்டவர்கள் நம் மாணவியரிலும் சிலர் இருப்பார்கள். கிராமத்து வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு தொட்டி. அதன்மேல் கவிழ்த்து வைத்த பெரிய இரும்புக் கொப்பரை. சாணத்தையும் தண்ணீரையும் சமமாகக் கரைத்து ஊற்றிவிட்டால், காற்றுப் புகாத அந்த இருட்டில் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சில நாட்களில் கொப்பரை மெல்ல மேலெழும். அதிலிருந்து வரும் குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினால் நீலச் சுடர் எரியும்.

ஆனால் அந்த வாயு முழுவதும் எரிவதில்லை. நூறு பங்கு வாயுவில் ஏறத்தாழ அறுபது பங்குதான் மீத்தேன் என்னும் எரிபொருள். மீதி நாற்பது பங்கு, நாம் மூச்சுவிடும்போது வெளியே தள்ளும் அதே கரியமில வாயு. அது எரியாது, பிறவற்றையும் எரிய விடாது. விருந்துக்கு வந்தவர்களோடு சும்மா கூட வந்து உட்கார்ந்திருப்பவரைப் போல அது அடுப்பு வரை வந்து, அப்படியே காற்றில் கலந்து போய்விடும். அந்த நாற்பது பங்கையும் எரிபொருளாக மாற்றிவிட முடியாதா?

முடியும் என்று 1902ஆம் ஆண்டிலேயே இருவர் செய்து காட்டிவிட்டார்கள். ஒருவர் பிரெஞ்சு நாட்டுப் பேராசிரியர். மற்றவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். பேராசிரியரின் பெயர் உலகம் அறிந்தது. குருவானவரின் பெயர் அவ்வளவாகத் தெரியாது. அது ஏன் என்பதும் இந்த வரலாற்றில் வரும்.

பால் சபாட்டியே 1854ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5ஆம் நாள் பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள கர்கசோன் என்னும் ஊரில் பிறந்தார். இரட்டை மதில்களும் கூம்பு வடிவக் கோபுரங்களும் சூழ்ந்த பழைய கோட்டை நகரம் அது. இடிந்து கிடந்த அம்மதில்களைப் புதுப்பிக்கும் வேலை அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. ஆகவே கல் தச்சர்களின் உளிச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த பிள்ளை என்று அவரைச் சொல்லலாம். எழுவர் பிறந்த வீடு அவருடையது. படிப்பில் கெட்டிக்காரராக விளங்கிய அவர், 1874இல் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற எக்கோல் நார்மால் சுப்பீரியர் என்னும் உயர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் வகுப்பிலேயே முதல்வராகத் தேறினார்.

அப்படித் தேறியவர் முதலில் பார்த்த வேலை எது தெரியுமா? நீம் என்னும் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை! ஓராண்டு அங்கே பௌதிகம் கற்பித்தார். பிறகு 1878இல் பாரிஸுக்கு மீண்டு, மார்செலின் பெர்த்தலோ என்னும் பேரறிஞரின் உதவியாளரானார். 1880இல் டாக்டர் பட்டம் பெற்றார். கந்தகமும் உலோகங்களும் சேர்ந்த சல்பைடுகளின் வெப்ப மாற்றங்களைப் பற்றியது அவருடைய ஆய்வு. கந்தகத்தோடு தொடங்கிய அந்த உறவை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அதே கந்தகம் அவருக்குப் பகையாக வந்து நிற்கப் போகிறது.

போர்தோ நகரில் ஓராண்டு கற்பித்துவிட்டு, 1882ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் தூலூஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். பிறந்த ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத நகரம். 1884இல், முப்பது வயதில், அங்கே இரசாயனப் பேராசிரியரானார். அந்தப் பதவியில் ஓய்வு பெறும் வரை, ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள், அவர் வேறெங்கும் போகவில்லை.

தூலூஸில் கத்தோலிக்கக் கல்வி நிலையம் ஒன்று உண்டு. அங்கே இரசாயனம் கற்பித்து வந்தார் அருட்தந்தை ழான் பாப்திஸ்த் செந்தரான்ஸ். பிரெனே மலையடிவாரக் கிராமமொன்றிலிருந்து வந்தவர். சபாட்டியேவைவிட ஓர் ஆண்டு இளையவர். அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அங்கி அணிந்த குருவானவரும் ஒரே பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து உழைப்பது அந்நாளைய பிரான்சில் எளிதான செய்தி அல்ல. அரசுக்கும் திருச்சபைக்கும் கடும் பூசல் நிலவிய காலம் அது. 1905இல் இரண்டையும் பிரிக்கும் சட்டமே வந்துவிட்டது. தூலூஸ் பரிசோதனைக் கூடத்தில் மட்டும் அந்தச் சண்டை நுழையவில்லை.

இருவரும் முதலில் தேடியது வேறொன்றை. 1890இல் இங்கிலாந்தில் லுட்விக் மாண்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஒரு விந்தையைக் கண்டிருந்தார்கள். நிக்கல் என்னும் கனமான உலோகம் கார்பன் மோனாக்சைடு வாயுவோடு சேர்ந்து, எளிதில் ஆவியாகும் ஒரு திரவமாக மாறியது. உலோகம் ஒரு வாயுவை இப்படிப் பற்றிக்கொள்ளுமானால், மற்ற வாயுக்களையும் பற்றிக்கொள்ளாதா? சபாட்டியேயும் செந்தரான்ஸும் நைட்ரஜன் ஆக்சைடுகளை உலோகங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1892 முதல் அந்த ஆய்வுகளை இருவர் பெயரிலும் வெளியிட்டார்கள். அடுத்து அசெட்டிலீன் வாயுவைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று எண்ணியிருந்த வேளையில், 1896இல், பாரிஸில் முவாசான், மூரு என்னும் இருவர் அதையே செய்து வெளியிட்டுவிட்டனர். நிக்கல் தூள்மேல் அசெட்டிலீனைச் செலுத்தியபோது அது சிவக்கக் கனன்றது, கரி படிந்தது, வெளிவந்த வாயு ஹைட்ரஜன் என்று அவர்கள் கருதினார்கள்.

இங்கே சபாட்டியே நடந்துகொண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். முவாசான் பெரிய மனிதர். பிற்பாடு 1906இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் கைவைத்த ஆராய்ச்சியில் குறுக்கே புகுவது முறையல்ல என்று எண்ணிய சபாட்டியே, நீங்கள் இதைத் தொடரப் போகிறீர்களா என்று முதலில் விசாரித்தார். தொடரும் எண்ணம் இல்லை என்று அறிந்த பிறகே தம் வேலையைத் தொடங்கினார்.

அசெட்டிலீனுக்குப் பதிலாக எத்திலீன் என்னும் சற்றுச் சாதுவான வாயுவை அவரும் செந்தரான்ஸும் எடுத்துக்கொண்டார்கள். நிக்கல் ஆக்சைடை ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கினால் மிக நுண்ணிய நிக்கல் தூள் கிடைக்கும். அதைக் கண்ணாடிக் குழாயில் பரப்பி, 300 பாகை அளவுக்குச் சூடாக்கி, அதன்மேல் எத்திலீனைச் செலுத்தினார்கள். அதே கனல், அதே கரி. ஆனால் வெளியே வந்த வாயுவை அவர்கள் அனுமானத்துக்கு விட்டுவிடவில்லை. சேகரித்துச் சோதித்தார்கள். அது பெரும்பாலும் ஹைட்ரஜன் அல்ல, ஈத்தேன்! எத்திலீனோடு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தால் உண்டாவது ஈத்தேன். சிதைந்த எத்திலீனிலிருந்து வெளிப்பட்ட ஹைட்ரஜனை, சிதையாத எத்திலீனோடு யாரோ சேர்த்து வைத்திருக்க வேண்டும். அந்த யாரோ, நிக்கல்தான்.

அப்படியானால் எத்திலீனையும் ஹைட்ரஜனையும் நாமே கலந்து அனுப்பினால் என்ன? அனுப்பினார்கள். கனலும் இல்லை, கரியும் இல்லை. குறைந்த சூட்டிலேயே எத்திலீன் முழுவதும் ஈத்தேனாக மாறிவிட்டது. இது 1897ஆம் ஆண்டு நடந்தது. பாரிஸ் அறிஞர்களின் கைக்கு எட்டிய அதே வாயுதான் தூலூஸ்காரர்களின் கைக்கும் எட்டியது. இவர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவே வேறுபாடு.

அடுத்த ஆண்டு சபாட்டியேவின் இல்லத்தில் பெருந்துயரம் நேர்ந்தது. 1898இல் அவருடைய மனைவி காலமானார். நான்கு பெண் குழந்தைகள் தாயில்லாப் பிள்ளைகளாயினர். காலையில் பரிசோதனைக் கூடம், மாலையில் நான்கு பெண்களின் படிப்பும் வளர்ப்பும் என்று இரட்டைப் பொறுப்பைச் சுமந்த நாட்களில்தான் அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவர் இயல்பிலேயே அதிகம் பேசாதவர், ஒதுங்கியிருப்பவர். ஓவியங்களிலும் தோட்ட வேலையிலும் அவருக்கு விருப்பம் உண்டு.

1901இல் பென்சீன் என்னும் பிடிவாதமான திரவத்தை நிக்கலின் துணையால் ஹைட்ரஜனோடு சேர்த்துச் சைக்ளோஹெக்சேனாக மாற்றினார்கள். அவருடைய குருவான பெர்த்தலோவே மூடிய குழாய்களில் கடுமையான அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கியும் தெளிவான பலன் காணாத வேலை அது. ஆனால் அதில் ஓர் இடர் இருந்தது. பென்சீனில் கந்தகச் சேர்மம் சிறிதளவு கலந்திருந்தாலும் நிக்கல் செத்துப் போய்விடும். விஷம் தின்றவரைப் போல அது செயலற்றுக் கிடக்கும். இளமையில் கந்தகத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவருக்கு இப்போது கந்தகத்தை விரட்டுவதே வேலையாயிற்று. ஹைட்ரஜனையும் மற்றப் பொருள்களையும் கவனமாகத் தூய்மை செய்த பிறகே குழாய்க்குள் விட வேண்டியிருந்தது.

1902இல் நம் அடுப்புக்கு உறவான கண்டுபிடிப்பு வந்தது. கார்பன் மோனாக்சைடையும் கரியமில வாயுவையும் தனித்தனியே ஹைட்ரஜனோடு கலந்து சூடான நிக்கல்மேல் செலுத்தினார்கள். இரண்டும் மீத்தேனாக மாறின. கூடவே நீராவி வந்தது. ஒரு பங்கு கரியமில வாயுவுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் வேண்டும். ஒரு பங்கு மீத்தேனும் இரண்டு பங்கு நீராவியும் கிடைக்கும். சுமார் 300 பாகைச் சூட்டில் இது விறுவிறுவென்று நடக்கும். தொடங்கிவிட்டால் வினையே வெப்பத்தைத் தரும். அணையாமல் காப்பதைவிட மிஞ்சிப் போகாமல் குளிர்விப்பதுதான் பாடு. இன்று உலகெங்கும் இதற்குச் சபாட்டியே வினை என்று பெயர். எரிந்து சாம்பலானதை மீண்டும் விறகாக்குவது போன்ற செயல் இது. விறகாக்க ஹைட்ரஜன் என்னும் விலையைக் கொடுத்தாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

நிக்கல் இதை எப்படிச் செய்கிறது என்பதில் அக்காலத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. நம் பாடப் புத்தகங்களில் வினையூக்கியைக் கலியாணத் தரகருக்கு ஒப்பிடுவதுண்டு. இருவரைச் சேர்த்து வைப்பார், தாம் மாறாமல் இருப்பார் என்பார்கள். உலோகத்தின் நுண்ணிய துளைகளில் வாயுக்கள் நெருக்கப்படுவதும் சூடேறுவதுமே காரணம் என்று பல அறிஞர்கள் கூறினர். சபாட்டியே இதை ஏற்கவில்லை. அப்படியானால் துளையுள்ள எந்தப் பொருளும் இந்த வேலையைச் செய்ய வேண்டுமே? நிக்கல் செய்வதைக் கரித்தூள் ஏன் செய்யவில்லை? நிக்கல் ஹைட்ரஜனோடு தானே ஒரு கணம் சேர்ந்து, நிலையில்லாத ஒரு சேர்மமாகி, உடனே அதை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறது என்றார். தரகரும் கலியாணத்தில் கலந்துகொள்கிறார் என்பது அவர் கட்சி. பற்று மிகக் குறைவாக இருந்தால் உலோகம் எதையும் பிடிக்காது. மிகுதியாக இருந்தால் பிடித்ததை விடாது. நடுத்தரமான பற்றே நல்ல வினையூக்கிக்கு அடையாளம். இக்கருத்தை இன்றும் விஞ்ஞானிகள் சபாட்டியே கொள்கை என்றே வழங்குகிறார்கள்.

அவர் சொன்னது எல்லாமே நிலைத்துவிடவில்லை. அசெட்டிலீனையும் ஹைட்ரஜனையும் உலோகத் தூள்கள்மேல் விதவிதமாகச் செலுத்திப் பெட்ரோலியத்தை ஒத்த திரவங்களை உண்டாக்கிய அவர், பூமிக்கடியில் பெட்ரோலியம் தோன்றியதும் இப்படித்தான் இருக்கும் என்று கருதினார். அந்தக் கருத்தைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. கடலடியில் மடிந்து புதைந்த நுண்ணுயிர்களே பெட்ரோலியமாயின என்பது பின்பு உறுதிப்பட்டது.

சபாட்டியேவின் கண்டுபிடிப்பு முதலில் பணமாக மாறியது எண்ணெய்த் தொழிலில். ஜெர்மானியரான வில்லெல்ம் நார்மன் 1902இல் திரவ எண்ணெயை நிக்கலும் ஹைட்ரஜனும் கொண்டு கெட்டிக் கொழுப்பாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்ததுதான் 1937 முதல் நம் நாட்டுச் சமையலறைகளில் இடம்பிடித்த டால்டா. பண்டிகைக்குப் பலகாரம் சுட்ட எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும், அந்த மஞ்சள் டப்பாவுக்குள் தூலூஸ் பேராசிரியரின் நிக்கல் ஒளிந்திருந்தது என்று! அரைகுறையாகக் கெட்டியாக்கிய எண்ணெயில் உண்டாகும் ஒருவகைக் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று பின்னாளில் தெரிய வந்தது. 2022 முதல் இந்தியாவில் அதை நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள்.

மீத்தேன் கண்டுபிடிப்புக்கு அத்தகைய வரவேற்பு இல்லை. மண்ணிலிருந்து எரிவாயு தாராளமாகக் கிடைக்கும்போது, விலையுயர்ந்த ஹைட்ரஜனைச் செலவழித்து யார் மீத்தேன் செய்வார்கள்? உரத் தொழிற்சாலைகளில் மட்டும் அது வாழ்ந்தது. அம்மோனியா செய்யும் வாயுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிதளவு கார்பன் ஆக்சைடுகளை நீக்க, அவற்றை நிக்கல்மேல் செலுத்தி மீத்தேனாக்கிவிடுவார்கள். சமையற்கட்டில் பாத்திரம் கழுவுவதைப் போன்ற வேலை.

1907ஆம் ஆண்டு சபாட்டியேவுக்கு ஒரு சோதனை வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் முவாசானும் பெர்த்தலோவும் அடுத்தடுத்து மறைந்தனர். பாரிஸில் காலியான அவர்களுடைய ஆசனங்களுக்குச் சபாட்டியேவை அழைத்தார்கள். அக்கால பிரான்சில் விஞ்ஞானிக்குப் பாரிஸ்தான் சிகரம். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முழு உறுப்பினராக வேண்டுமானாலும் பாரிஸில் வசித்தாக வேண்டும் என்பது விதி. சபாட்டியே மறுத்துவிட்டார். தூலூஸே போதும் என்று இருந்துவிட்டார். 1905இல் அங்கே விஞ்ஞானப் பிரிவின் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரசாயனம், மின்பொறியியல், விவசாயம் ஆகிய துறைகளுக்குத் தனித்தனி நிலையங்களை அங்கே அவர் கட்டி எழுப்பினார். பாரிஸுக்குப் போயிருந்தால் அவை எழுந்திருக்குமா என்பது ஐயமே. கடைசியில் விதிதான் இறங்கி வந்தது. 1913இல் பாரிஸுக்கு வெளியே வாழ்வோருக்கென்று ஆறு இடங்களைக் கழகம் புதிதாக ஏற்படுத்தியது. அவற்றில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சபாட்டியே.

அதற்கு முந்திய ஆண்டு, 1912இல், இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நான்சி நகரத்துப் பேராசிரியர் விக்தோர் கிரின்யாரும் அவரும் ஆளுக்குப் பாதியாகப் பெற்றனர். தலைநகரைச் சேராத இரு பிரெஞ்சுக்காரர்கள்! தூலூஸ் பெருமை கொண்டது. ஆனால் பரிசுப் பட்டியலில் அருட்தந்தை செந்தரான்ஸின் பெயர் இல்லை.

1897இல் எத்திலீனை ஈத்தேனாக்கியவர்கள் இருவர். பென்சீனை மாற்றியவர்கள் இருவர். கரியமில வாயுவை மீத்தேனாக்கியவர்கள் இருவர். கட்டுரைகளிலெல்லாம் இருவர் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருந்தன. சில ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் வழி பிரிந்தது. சபாட்டியே, மாய் என்னும் மாணவருடன் ஆக்சைடு வினையூக்கிகளை ஆராய்ந்தார். செந்தரான்ஸ் தனியே அலுமினாவைக் கொண்டு சாராயத்திலிருந்து ஈதர் முதலியவற்றைச் செய்யும் வழிகளைக் கண்டார். பரிசு வந்தபோது ஒருவர் மட்டுமே மேடையேறினார். குருவானவர் மனம் வருந்தினார். அந்த வருத்தம் வெளிப்படையாகவும் தெரிந்தது. சபாட்டியே தம் நோபல் உரையில் செந்தரான்ஸைப் பெயர் சொல்லி, தம் கூட்டாளி என்று குறிப்பிட்டார். அதைப் போதும் என்பவரும் உண்டு, போதாது என்பவரும் உண்டு. 1903இல் பௌதிகப் பரிசைப் பெக்கெரல், பியர் கியூரி, மேரி கியூரி மூவருக்கும் பகிர்ந்தளித்திருந்த நிலையில், 1912இல் மூன்றாவது ஆசனம் ஒன்றைப் போட இடமில்லாமற் போனது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த விஷயத்தில் என் மனத்தைத் தொட்டவர் கிரின்யார். பரிசை வாங்கிய அவரே, சபாட்டியேவும் செந்தரான்ஸும் ஒரு பரிசைப் பகிர்ந்திருக்கலாம், தாம் இன்னும் சில ஆண்டு பொறுத்திருந்து தம் ஆசிரியர் பார்பியேயோடு சேர்ந்து பெற்றிருக்கலாம் என்று நண்பருக்கு எழுதினார். செந்தரான்ஸ் ஆராய்ச்சியையும் விடவில்லை, குருத்துவப் பணியையும் விடவில்லை. 1937இல் மறைந்தார்.

சபாட்டியே 1913இல், கரிம இரசாயனத்தில் வினையூக்கத்தைப் பற்றிய தம் பெரிய நூலை வெளியிட்டார். ஓய்வு பெற்ற பின்பும் பல ஆண்டுகள் பல்கலைக்கழகத் தொடர்பை விடாமல் இருந்தார். 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14ஆம் நாள் தூலூஸ் நகரிலேயே தமது 86ஆவது வயதில் காலமானார். அது இரண்டாம் உலகப் போரின் நடுக்காலம். பெட்ரோல் கிடைக்காமல், விறகையும் கரியையும் புகைய வைத்து அந்த வாயுவில் மோட்டார் வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தது பிரான்சு. 1969இல் தூலூஸில் அமைந்த பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அது அப்பெயரால் விளங்கியது.

இறந்தபின் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து அவருடைய வினைக்கு இரண்டாவது வாழ்வு வந்தது. முதலில் வானத்தில். பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2010இல் சபாட்டியே கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். விண்வெளி வீரர்கள் வெளிவிடும் கரியமில வாயுவை ஹைட்ரஜனோடு சேர்த்துத் தண்ணீராகவும் மீத்தேனாகவும் மாற்றும் கருவி அது. அங்கே தண்ணீருக்குத்தான் மதிப்பு. மீத்தேனை வெளியே விட்டுவிட்டார்கள்!

பூமியில் மீத்தேனுக்கு மதிப்பு. காற்றாலைகள் பெருகிய ஜெர்மனி, டென்மார்க் நாடுகளில் புதிதாக ஒரு தொல்லை முளைத்தது. காற்று பலமாக வீசும் நாளில் மின்சாரம் தேவைக்கு மேல் உற்பத்தியாகும். அதைச் சேர்த்து வைப்பது எப்படி? தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் பிரியும். இது உங்கள் பரிசோதனைக் கூடத்திலேயே செய்யக் கூடியது. அந்த ஹைட்ரஜனைக் குப்பையிலும் சாணத்திலும் பிறந்த கரியமில வாயுவோடு சேர்த்துவிட்டால், பழைய எரிவாயுக் குழாய்களிலேயே ஓடக்கூடிய மீத்தேன் கிடைத்துவிடும். 2013இல் ஜெர்மனியின் வெர்ல்ட்டே என்னும் ஊரில் இதற்கென ஒரு தொழிற்சாலை திறந்தார்கள். கரிமக் கழிவிலிருந்து வாயு எடுக்கும் ஆலைக்குப் பக்கத்தில், 6 மெகாவாட் மின்சாரத்தில் நீரைப் பிரித்து, ஆண்டுக்குச் சுமார் 1000 டன் மீத்தேன் செய்யும் திட்டம். டென்மார்க்கின் ஃபூலும் என்னும் இடத்தில் கரியமில வாயுவைத் தனியே பிரிக்காமலே சாண எரிவாயுவை நேரடியாக நிக்கல்மேல் செலுத்திப் பார்த்தார்கள். அதுவும் பலித்தது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கனமீட்டர் சாண எரிவாயுவில் 60 மீத்தேன், 40 கரியமில வாயு. அந்த 40ஐ மாற்ற 160 கனமீட்டர் ஹைட்ரஜன் வேண்டும். 40 புதிய மீத்தேன் சேர்ந்து மொத்தம் 100 ஆகிறது. கழிவு அதேதான், எரிபொருள் மட்டும் ஒன்றரை மடங்குக்கும் மேல். கூட வரும் நீராவியைக் குளிர்வித்தால், ஹைட்ரஜன் செய்யச் செலவான தண்ணீரில் பாதி திரும்பி வந்துவிடும். கணக்கின் மறுபக்கம் அவ்வளவு இனிமையாக இல்லை. ஒரு கனமீட்டர் ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஆக 160 கனமீட்டருக்கு 800 யூனிட். கிடைக்கும் 40 கனமீட்டர் மீத்தேனில் இருப்பதோ சுமார் 400 யூனிட் சக்திதான். பாதி வழியிலேயே வெப்பமாகச் சிந்திவிடுகிறது. வீணாகப் போகும் காற்று மின்சாரமானால் இது லாபம். நிலக்கரி எரித்துச் செய்த மின்சாரமானால் வெறும் ஊதாரித்தனம். இதைச் சொல்லாமல் புகழ்ந்து பேசுபவர்களை நம்ப வேண்டாம்.

பழைய பகைவனும் விடவில்லை. சாண எரிவாயுவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருக்கும். அதில் இருப்பது கந்தகம். இரும்பு ஆக்சைடு, கரித்தூள் போன்றவற்றின் வழியே செலுத்தி அதை அறவே நீக்காவிட்டால், 1901இல் தூலூஸில் செத்தது போலவே நிக்கல் இன்றும் செத்துப் போகும்.

இந்தத் தொல்லைக்கு வேறொரு வழியும் கண்டிருக்கிறார்கள். நிக்கல் தூளும் வேண்டாம், 300 பாகைச் சூடும் வேண்டாம். சாணத் தொட்டியில் ஏற்கெனவே வாழும் மீத்தேன் நுண்ணுயிர்களுக்கே ஹைட்ரஜனை ஊட்டிவிடலாம். அவை கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் உண்டு, அதே சபாட்டியே வினையை 40 அல்லது 60 பாகைச் சூட்டில் செய்து முடிக்கின்றன, கந்தகத்துக்கும் அஞ்சுவதில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகருக்கு அருகில் 2016 முதல் இப்படி ஓர் ஆலையை ஓட்டிப் பார்த்தார்கள். இந்த நுண்ணுயிர்கள் இத்தனை இலகுவாக அதை எப்படிச் செய்கின்றன என்று ஆராய்ந்த விஞ்ஞானிகள், 1980 வாக்கில், மீத்தேனை உண்டாக்கும் அவற்றின் நொதிக்குள்ளே மஞ்சள் நிறமான ஒரு சிறு மூலக்கூறைக் கண்டார்கள். அதன் நட்ட நடுவே ஓர் உலோக அணு உட்கார்ந்திருந்தது. அது நிக்கல்.